கடலுக்குள்ள ரேடியோ எதுவரைக்கும் கேட்கும்?

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கி, வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியது. பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் மொபைல்ல ஆப் வழியா கேட்கிற இன்டர்நெட் ரேடியோ பத்தி. இதுக்கு நாம எடுத்துக்கப்போற இடம் தூத்துக்குடியும் அதை ஒட்டின மன்னார் வளைகுடாக் கரையும். ரேடியோ எப்படி எல்லாம் பயணம் பண்ணும்னு ஒரே இடத்துல பார்க்கணும்னா, தமிழ்நாட்டுல இதைவிட நல்ல இடம் கிடைக்கிறது கஷ்டம்.

கேள்வி ரொம்ப சிம்பிள். ரேடியோ பெட்டியில கேட்கிறதும் போன்ல ஸ்ட்ரீம் பண்ணிக் கேட்கிறதும் ஒண்ணுதானா? காதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். அதே குரல், அதே பாட்டு, அதே செய்தி. ஆனா அந்தச் சத்தம் உங்ககிட்ட வந்து சேர்ற வழி வேற. அந்த வித்தியாசம் சாதாரண நாள்ல தெரியாது. புயல் வர்ற நாள்லயும், படகு கரையை விட்டுத் தள்ளிப் போன பிறகும் நல்லாவே தெரியும்.

ஒரு டிரான்ஸ்மிட்டர், ஒரு கடல்

முதல்ல பழைய வழி. தூத்துக்குடியில ஆகாசவாணிக்கு மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர் இருக்கு. அலைவரிசை 1053 கிலோஹெர்ட்ஸ், சக்தி 200 கிலோவாட். இவ்வளவு பெரிய சக்தி எதுக்கு? ஊர்க்காரங்களுக்கு மட்டும்னா இதுல ஒரு சின்னப் பங்கே போதும். இந்த டிரான்ஸ்மிட்டர் இலங்கையையும் குறிவெச்சது. தமிழ்லயும் சிங்களத்துலயும் இலங்கை நேயர்களுக்கான ஒலிபரப்பு இதுல போயிருக்கு. தூத்துக்குடியிலிருந்து கொழும்பு நேர்கோட்டுல சுமார் 280 கிலோமீட்டர்.

இங்கதான் கடல் உதவிக்கு வருது. மீடியம் வேவ் அலை பகல்ல தரையை ஒட்டியே போகும். போற வழியில தரை அதோட சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சும். காஞ்ச மணல் நிறைய உறிஞ்சும். திருச்செந்தூர் பக்கம் இருக்கிற தேரிக்காட்டுச் செம்மணலை நினைச்சுக்கோங்க, அது மாதிரி நிலத்துல அலை சீக்கிரமே களைச்சுப்போயிடும். உப்புத்தண்ணி அப்படி இல்ல. மின்சாரத்தைக் கடத்துறதுல கடல்நீர் காஞ்ச மண்ணைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல நல்லது. அதனால அதே அலை கடல் மேல ரொம்ப தூரம் பெருசா பலம் குறையாமப் போகும். ராத்திரியில இன்னொரு வழியும் திறக்குது. வானத்துல மேல இருக்கிற அயனி மண்டலத்துல பட்டு அலை திரும்பிக் கீழ வரும், இன்னும் தூரம் போகும்.

இதே கடல்பாதை எதிர்த் திசையிலயும் வேலை செஞ்சிருக்கு. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது பேரெல்லாம் உங்க வீட்டுப் பெரியவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள். நம்ம தென்கடலோர மாவட்டங்கள்ல வீட்டுக்கு வீடு அந்தக் குரல்கள் கேட்டதுக்கு நிகழ்ச்சிகளோட தரம் முதல் காரணம். நடுவுல மலையோ மண்ணோ இல்லாம வெறும் கடல் இருந்ததும் ஒரு காரணம்.

இந்த வழியில ஒரு விஷயத்தை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க, கடைசி வரைக்கும் தேவைப்படும். யார் கேட்கிறாங்கன்னு டிரான்ஸ்மிட்டருக்குத் தெரியாது. ஒருத்தர் கேட்டாலும் பத்து லட்சம் பேர் கேட்டாலும் அதுக்கு ஆகுற கரண்ட் பில் ஒண்ணுதான். கேட்கிறவர் யார்கிட்டயும் அனுமதி கேட்க வேண்டாம், எதையும் திருப்பி அனுப்ப வேண்டாம். பெட்டியைத் திருகினா போதும்.

ப்ளே பட்டனை அமுக்கினா என்ன நடக்குது?

இப்போ புது வழி. நியூஸ் ஆன் ஏர் ஆப் எடுத்துக்கலாம், பிரசார் பாரதியோடது. இருநூறுக்கும் மேற்பட்ட ஆகாசவாணி ஒலிபரப்புகள் அதுல நேரலையா கிடைக்குது. நீங்க ஒரு தமிழ் நிலையத்தைத் தொட்டு ப்ளே அமுக்குறீங்க.

ஸ்டுடியோவுல வர்ற சத்தத்தை ஒரு என்கோடர் எண்களா மாத்திச் சுருக்கும். எம்.பி.3 இல்லன்னா ஏ.ஏ.சி. மாதிரி ஒரு வடிவத்துல. அந்தச் சுருக்கின ஒலி ஒரு சர்வருக்குப் போகும். இப்போ பெரும்பாலான ஆப்ல அது சின்னச் சின்னத் துண்டுகளா வெட்டப்படும், ஒவ்வொண்ணும் சில விநாடி நீளம். எச்.எல்.எஸ். அப்படிங்கிற முறை இது. ஆப்பிள் 2009-ல ஐபோனுக்காகக் கொண்டுவந்தது, அப்புறம் எல்லாரும் எடுத்துக்கிட்டாங்க. உங்க போன் அந்தச் சர்வர்கிட்ட "முதல் துண்டு குடு, அடுத்தது குடு, அதுக்கு அடுத்தது குடு"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். ஒரு வெப்சைட் பக்கத்தைத் திறக்கிற மாதிரியேதான், நிக்காம திரும்பத் திரும்ப.

வந்த துண்டை உடனே வாசிக்காது. ரெண்டு மூணு துண்டைச் சேர்த்து வெச்சுக்கிட்டுத்தான் ஆரம்பிக்கும். அதுதான் பஃபர். மாடியில தண்ணித் தொட்டி வெச்சிருக்கோம்ல, அந்த வேலைதான். கார்ப்பரேஷன் தண்ணி நடுவுல நின்னாலும் தொட்டியில இருக்கிற வரைக்கும் குழாய்ல வரும். தூத்துக்குடியிலிருந்து மணியாச்சி போற ரயில்ல டவருக்கு டவர் மாறும்போது பாட்டு அறுபடாம இருக்குன்னா அது தொட்டியோட புண்ணியம். தொட்டி காலியாயிட்டா அந்த வட்டம் சுத்த ஆரம்பிக்கும்.

இதுக்கு ஒரு விலை உண்டு, தாமதம். துண்டு ஆறு விநாடின்னு வெச்சுக்கோங்க. மூணு துண்டு சேர்த்தா 18 விநாடி போச்சு. என்கோடர், நெட்வொர்க் எல்லாம் சேர்ந்தா இருபது, முப்பது விநாடி ஆகும். ஆகாசவாணி செய்திக்கு முன்னாடி வர்ற அந்த "பிப் பிப்" நேர ஒலியை ஆப்ல கேட்டு வாட்ச் சரி பண்ணாதீங்க. பின்தங்கித்தான் இருப்பீங்க. கிரிக்கெட் வர்ணனை ஆப்ல கேட்டுக்கிட்டிருக்கும்போது பக்கத்துக் கடையில ரேடியோ ஓடினா, விக்கெட் விழுந்தது அந்தக் கடைக்காரருக்கு முதல்ல தெரிஞ்சிடும்.

டேட்டா எவ்வளவு ஆகும்? பயப்பட வேண்டாம். 64 கே.பி.பி.எஸ். ஸ்ட்ரீம்னா ஒரு மணி நேரத்துக்கு சுமார் 29 எம்.பி. நாள் முழுக்க, 24 மணி நேரம் ஓடவிட்டாலும் 700 எம்.பி.க்குக் கொஞ்சம் கம்மி. ஒரு நாளைக்கு 1.5 ஜி.பி. பிளான்ல பாதி கூடத் தீராது. வீடியோவோட ஒப்பிட்டா இது ஒண்ணுமே இல்ல.

இன்டர்நெட் ரேடியோ பழைய சங்கதிதான். அமெரிக்காவுல வட கரோலினா பல்கலைக்கழக மாணவர் நிலையம் டபிள்யூ.எக்ஸ்.ஒய்.சி., 1994 நவம்பர் 7-லயே தன்னோட ஒலிபரப்பை இன்டர்நெட்ல விட்டுது. நம்ம ஊர்ல பாக்கெட்டுக்குள்ள அது சாதாரணமா வந்தது 2016-ல ஜியோ வந்து டேட்டா விலை சரிஞ்ச பிறகுதான்.

ஆளுக்கு ஒரு குழாய்

ரெண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இப்போ புரிஞ்சிருக்கும். ரேடியோ அலை மழை மாதிரி. எல்லார் மேலயும் பெய்யும், யார் பாத்திரம் வெச்சாலும் பிடிச்சுக்கலாம். ஸ்ட்ரீம் வீட்டுக்கு வீடு போட்ட குழாய் இணைப்பு. கேட்கிற ஒவ்வொரு போனுக்கும் தனி இணைப்பு.

கணக்குப் பாருங்க. 64 கே.பி.பி.எஸ். ஸ்ட்ரீமை ஒரே நேரத்துல 10,000 பேர் கேட்டா, சர்வர் பக்கம் 640 எம்.பி.பி.எஸ். வெளிய போகணும். ஒரு மணி நேரத்துக்கு 288 ஜி.பி. ஒரு லட்சம் பேர்னா பத்து மடங்கு. இதைச் சமாளிக்கத்தான் ஒரே ஸ்ட்ரீமோட நகலைப் பல ஊர்ல இருக்கிற சர்வர்கள்ல வெச்சுப் பிரிச்சுக் கொடுக்கிறாங்க. ஆனா அடிப்படை மாறல. கேட்கிறவங்க கூடக் கூட செலவு கூடும், நெரிசலும் கூடும். எல்லாரும் ஒரே நேரத்துல கேட்க வேண்டிய நாள்லதான் இது மூச்சு வாங்கும்.

பாம்பனும் துபாயும்

இவ்வளவு சொல்லிட்டு, ஸ்ட்ரீமிங் வேஸ்ட்னு சொல்ல வர்றேன்னு நினைச்சுடாதீங்க. அது செஞ்ச நல்லதுக்கு இதே கடற்கரையில உதாரணம் இருக்கு.

தூத்துக்குடியிலிருந்து கரையோரமாவே வடகிழக்கே போனா பாம்பன். அங்க 'கடல் ஓசை 90.4' அப்படின்னு ஒரு சமுதாய வானொலி. 2016-ல ஆரம்பிச்சது. மீனவர்களுக்காக மீனவ சமூகத்துக்குள்ளிருந்தே வந்த நிலையம். வானிலை, கடல் நிலைமை, பாதுகாப்பு, மன்னார் வளைகுடாவோட கடல்வளம், கூடவே பாட்டு. இந்தியாவுல சமுதாய வானொலிக்கு விதி ரொம்பக் கறார். சாதாரணமா சக்தி 100 வாட்டுக்கு மேல போகக்கூடாது, ஆன்டெனா உயரம் 30 மீட்டருக்குள்ள. அதனால எட்டுற தூரம் பத்துப் பதினைஞ்சு கிலோமீட்டர் சுத்துவட்டம்தான்.

அதே நிலையம் இன்டர்நெட்டுக்கு வந்ததும் அந்த வட்டம் உடைஞ்சுது. சென்னையில படிக்கிற பாம்பன் பொண்ணும் துபாய்ல வேலை பார்க்கிற அவங்க அண்ணனும் ஊர்ப் பேச்சை ஊர்க் குரல்லயே கேட்கலாம். இந்தக் கரையிலிருந்து வளைகுடா நாட்டுக்கும் கப்பல் வேலைக்கும் போனவங்க எவ்வளவு பேர்னு இங்க இருக்கிறவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. 200 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர் கூட அவங்களை எட்டாது. ஒரு சின்ன சர்வர் எட்டுது.

ஆக, தூரத்துல இருக்கிறவங்களுக்கு ஸ்ட்ரீம் வரம். சிக்கல் கிட்டக்க இருக்கிறவங்களுக்குத்தான்.

டவர் முடியுற இடம்

தூத்துக்குடிக்கு முத்துநகர்னு பேர் வரக் காரணமான இடம் ஊருக்குள்ள இல்ல, கடலுக்குள்ள. முத்துச்சிப்பி வளர்ற பாறைத்திட்டுகளை இங்க 'பார்'னு சொல்வாங்க. பெரும்பாலும் கரையிலிருந்து பத்து, இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கு. கடைசியா பெரிய அளவுல முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல. அதுக்கப்புறம் சிப்பி போதுமான அளவு சேரவே இல்ல. சங்கு குளிக்கிறவங்க இன்னும் போறாங்க. நாட்டுப்படகும் விசைப்படகும் தினம் அந்தப் பக்கம் போகுது.

மொபைல் சிக்னல் தள்ளாட ஆரம்பிக்கிறதும் ஏறக்குறைய அதே தூரத்துலதான். கரையில 40 மீட்டர் உயர டவர் இருக்குன்னு வைங்க. படகுல தண்ணிக்கு மேல ரெண்டு மீட்டர் உயரத்துல உங்க போன். பூமி உருண்டையா இருக்கிறதால, இந்த ரெண்டும் ஒண்ணையொண்ணு நேரா பார்க்க முடியுற தூரம் சுமார் 27 கிலோமீட்டர்தான். நடைமுறையில அதுக்கு முன்னாடியே அறுபடும். ஏன்னா ஸ்ட்ரீம் கேட்க போனும் பேசியாகணும். "அடுத்த துண்டு குடு"ன்னு கேட்டாதான் வரும். 4ஜி போன் பேசுற சக்தி அதிகபட்சம் 0.2 வாட். 200 கிலோவாட் எங்க, 0.2 வாட் எங்க! பத்து லட்சம் மடங்கு வித்தியாசம். டவர் சத்தம் போன்ல கேட்டாலும், போன் சத்தம் டவருக்குக் கேட்கலைன்னா கதை முடிஞ்சுது.

ரேடியோ பெட்டிக்கு அந்தப் பிரச்சினை இல்ல. அது கேட்க மட்டும்தான் செய்யும்.

இது வெறும் கணக்கு இல்லைங்கிறதை ஒக்கி காட்டுச்சு. 2017 நவம்பர் 30 காலையில குமரிக்கடல்ல அது புயலா மாறுச்சு. பல நாளுக்கு முன்னாடியே ஆழ்கடலுக்குத் தங்குகடல் போயிருந்த குமரி மாவட்ட மீனவர்கள் அப்போ மொபைல் எட்டாத தூரத்துல இருந்தாங்க. கரையில எல்லார் போன்லயும் செய்தி ஓடுச்சு. போய்ச் சேர வேண்டியவங்களுக்குப் போய்ச் சேரல. பலர் திரும்பவே இல்ல.

அதுக்குப் பிறகு வந்த கருவி எதுன்னு பாருங்க. 2019-ல இன்காய்ஸ், அதாவது ஐதராபாத்துல இருக்கிற கடல் தகவல் மையமும், இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து 'ஜெமினி'ன்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க. ககன் செயற்கைக்கோள் சிக்னல்ல புயல் எச்சரிக்கை, அலை உயரம், மீன் கிடைக்கிற இடம் எல்லாம் வரும். படகுல இருக்கிற சின்னப் பெட்டி அதை வாங்கி புளூடூத் வழியா போனுக்குக் கொடுக்கும். பெட்டி பேசாது, கேட்க மட்டும்தான் செய்யும். புது டெக்னாலஜிதான், ஆனா யோசனை பழைய ரேடியோவோடது. வானத்திலிருந்து எல்லாருக்கும் ஒரே நேரத்துல பொழியுறது. திருப்பிச் செய்தி அனுப்பவும் வழி வேணும்னு இஸ்ரோ டிரான்ஸ்பாண்டர்கள் விசைப்படகுகள்ல பொருத்தப்படுறது அதுக்கு அடுத்த கட்டம்.

கரையிலேயும் அறுபடும்

"நான் கடலுக்குப் போறதில்லையே, எனக்கென்ன?"ன்னு கேட்கலாம். 2023 டிசம்பர் 17, 18 ஞாபகம் இருக்கா? காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஒரு வருஷ மழையைவிட அதிகம். தாமிரபரணி கரை மீறுச்சு. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நூத்துக்கணக்குல மாட்டிக்கிட்டாங்க. மாவட்டத்துல பல இடத்துல கரண்ட் இல்ல, மொபைல் சிக்னலும் இல்ல.

ஏன் ரெண்டும் சேர்ந்தே போகுது? ஸ்ட்ரீம் ஒரு சங்கிலி. டவருக்குக் கரண்ட் வேணும். கரண்ட் போனா பேட்டரி சில மணி நேரம், அப்புறம் டீசல் ஜெனரேட்டர். ரோடு தண்ணியில மூழ்கினா டீசல் வராது. டவரிலிருந்து போற ஃபைபர் கேபிள் பாலத்தோட அடிச்சுக்கிட்டுப் போகலாம். உங்க போன்ல சார்ஜ் இருக்கணும். இதுல எந்தக் கண்ணி அறுந்தாலும் சத்தம் நின்னுடும். ரேடியோ அலைக்கு ரெண்டே முனைதான், அங்க டிரான்ஸ்மிட்டர், இங்க பேட்டரி போட்ட பெட்டி. டிரான்ஸ்மிட்டர் வெள்ளம் வந்த ஊர்ல இருக்கணும்னு கூட இல்ல. வேற மாவட்டத்துல இருந்தாலும் மீடியம் வேவ் எட்டும்.

மீடியம் வேவுக்கும் குறை உண்டு. இடி மின்னல்ல கரகரன்னு இரையும். படகு எஞ்சினோட மின் இரைச்சலும் அதுல ஏறும். பாட்டுக் கேட்க சுகமில்ல. ஆனா "கடலுக்குப் போகாதீங்க"ன்னு ஒரு வரி காதுல விழ அந்தத் தரம் போதும்.

சரி, நாம என்ன பண்ணலாம்?

முதல்ல உங்க போனைப் பாருங்க. பல ஆண்ட்ராய்டு போன்ல எஃப்.எம். வசதி இருக்கு. அது டேட்டா இல்லாம, சிம் கூட இல்லாம வேலை செய்யும். ஆனா வயர் இயர்போன் மாட்டணும், அந்த வயர்தான் ஆன்டெனா. புளூடூத் பட்ஸ் அதுக்கு உதவாது. சமீபகாலமா நிறைய மாடல்ல இதை எடுத்துட்டாங்க. போன்ல எஃப்.எம். இருக்கணும், இருக்கிறதை முடக்கக்கூடாதுன்னு 2023-ல மத்திய அரசு தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தல் கொடுத்துச்சு. பேரிடர் நேரத்தைத்தான் முக்கியக் காரணமா சொன்னாங்க. மீடியம் வேவ் மட்டும் எந்தப் போன்லயும் எதிர்பார்க்காதீங்க. அதுக்குத் தேவையான ஃபெரைட் ஆன்டெனாவுக்கு உள்ள இடமில்ல. அதுக்கு ஒரு சின்ன ரேடியோ பெட்டிதான் வழி. ஐப்பசி, கார்த்திகை வர்றதுக்குள்ள ஒண்ணு வாங்கி, ரெண்டு செட் பேட்டரியோட வீட்டுல வைங்க. படகுக்குப் போற சொந்தக்காரங்க இருந்தா அவங்க கையிலயும் ஒண்ணு கொடுங்க.

இன்னொண்ணு. 2023-ல திடீர்னு எல்லார் போனும் ஒரே நேரத்துல அலறுச்சே, டெஸ்ட் மெசேஜ்னு? அது செல் பிராட்காஸ்ட். ஒவ்வொரு நம்பருக்கும் தனித்தனியா அனுப்பாம, டவர் தன் எல்லையில இருக்கிற எல்லாப் போனுக்கும் ஒரே தடவையில சொல்றது. மொபைல் நெட்வொர்க்கே அவசரம்னு வந்தா பழைய ரேடியோ முறைக்குத்தான் திரும்புது. டவர் சிக்னலே இல்லாம போன்ல நேரா டி.வி., ரேடியோ வாங்குற 'டைரக்ட் டு மொபைல்' சோதனையும் இங்க நடந்துக்கிட்டிருக்கு. ஆனா அதுக்குப் போன்ல தனி சிப் வேணும்.

கடைசியா ஒரு விஷயம். நாட்டுல பழைய மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்கள் ஒவ்வொண்ணா நிறுத்தப்பட்டு வருது. எஃப்.எம். இருக்கு, ஆப் இருக்கு, மீடியம் வேவ் யார் கேட்கிறாங்கன்னு கேட்கிறாங்க. அந்தக் கேள்வியிலயே ஒரு வில்லங்கம் இருக்கு. ஆப்ல எத்தனை பேர் கேட்கிறாங்கன்னு சர்வர் துல்லியமா எண்ணிச் சொல்லிடும். மீடியம் வேவ் கேட்கிறவரை எண்ண வழியே இல்ல. நடுக்கடல்ல ஒருத்தர் ரேடியோவைத் திருகினா எந்தக் கணக்குலயும் அவர் வரமாட்டார். கணக்குல வரலைங்கிறதுக்காக இல்லாதவர்னு முடிவு பண்ணிட முடியாதே. தூத்துக்குடி மாதிரிக் கடற்கரையில, ஆப் எவ்வளவு வளர்ந்தாலும், டவர் முடியுற இடத்துக்கு அந்தப் பக்கம் கேட்கிற ஒரு குரல் எப்பவும் இருக்கணும்.

உங்க போன்ல எஃப்.எம். இருக்கா இல்லையான்னு இப்பவே ஒரு தடவை திறந்து பாருங்க. வீட்டுல பரண்ல பழைய ரேடியோ கிடந்தா இறக்கி பேட்டரி போட்டு, ராத்திரி ஒரு சுத்துத் திருகிப் பாருங்க. என்ன கேட்டுச்சுன்னு எங்களுக்குச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.